செல்ஃப் எடுக்கல, டிக்டிக்னு சத்தம் மட்டும் வருது: ஜம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா?

#1 நான்காம்கியர்

வணக்கம் மக்களே. வண்டி சில வாரமா எடுக்காம அப்படியே நின்னுச்சு. இன்னிக்குச் சாவியைத் திருப்பினா செல்ஃப் எடுக்கல. பானெட்டுக்குள்ள இருந்து டிக்டிக்டிக்னு வேகமா ஒரு சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் அந்தச் சத்தத்தோட சேர்ந்து மினுக்குது. அவ்வளவுதான். பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர்.

ஜம்ப் கொடுக்க, அதாவது அவர் வண்டி பேட்டரியில இருந்து கேபிள் போட்டு என் வண்டியை எடுக்க, பக்கத்து வீட்டு அண்ணன் தன்னோட டீசல் எஸ்யூவியைக் கொண்டுவந்து நிறுத்தறேன்னு சொல்றார். என்கிட்ட ஜம்பர் கேபிள் ஒரு செட் இருக்கு. பிரச்சினை என்னன்னா, பார்த்த வீடியோ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. கடைசிக் கறுப்பு வயரை இறங்கின பேட்டரியோட மைனஸ்லயே மாட்டுன்னு ஒருத்தர், அங்க மாட்டவே கூடாதுன்னு இன்னொருத்தர். கொடுக்கிற வண்டி ஓடிக்கிட்டு இருக்கணும்னு ஒருத்தர், ஆஃப்ல இருக்கணும்னு ஒருத்தர். டீசல்ல இருந்து பெட்ரோலுக்குக் கொடுத்தா ஏதாவது ஆகுமா? காரணத்தோட சொன்னீங்கன்னா புண்ணியமா போகும். "நான் அப்படித்தான் பண்ணுவேன், ஒண்ணும் ஆகல"ங்கிற பதில் வீடியோவுக்குக் கீழேயே நிறைய இருக்கு.

#2 பழையஸ்பேனர்

கேபிளை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க தம்பி.

வேகமா டிக்டிக்னு அடிச்சா பேட்டரியில சார்ஜ் இல்லன்னு பெரும்பாலும் அர்த்தம். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்த ஸ்விட்ச், அதாவது சொலினாய்டு, இழுக்குது, இழுத்ததும் வோல்ட் விழுந்துடுது, விட்டுடுது, மறுபடி இழுக்குது. அதுதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு தடவை "டொக்"னு கேட்டு, லைட் பிரகாசமா எரிஞ்சா கோளாறு செல்ஃப் மோட்டார்லயோ அதுக்குப் போற வயர்லயோ இருக்கலாம். அதுக்கு ஜம்ப் கொடுத்துப் பிரயோஜனமில்ல. ஒரு லைட்டுமே வரலன்னா முதல்ல டெர்மினலைக் கையால பிடிச்சுத் திருகிப் பாருங்க. அசைஞ்சா 10 எம்எம் ஸ்பேனர் போதும், கேபிளே வேண்டாம். டெர்மினல் மேல வெள்ளையா, பச்சையா பொடி பூத்திருந்தா அதுவும் கரண்டை மறிக்கும்.

அப்புறம் பேட்டரி டப்பாவைப் பாருங்க. பக்கவாட்டுல உப்பியிருந்தா, விரிசல் விட்டிருந்தா, ஆசிட் கசிஞ்சிருந்தா, அழுகின முட்டை நாத்தம் அடிச்சா தொடாதீங்க. கடுங்குளிர்ல நிக்கிற வண்டின்னா உள்ள தண்ணி உறைஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. சார்ஜ் இறங்கின பேட்டரியில ஆசிட் நீர்த்துப்போய்ச் சீக்கிரம் உறையும். உறைஞ்ச பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது, வெடிக்கும். மேல கண்ணு மாதிரி ஒரு இண்டிகேட்டர் இருந்தா பக்கத்துல ஸ்டிக்கர்ல என்ன நிறத்துக்கு என்ன அர்த்தம்னு போட்டிருக்கும். தண்ணி குறைவுன்னு காட்டுற நிறம் வந்தா அதையும் விட்டுடுங்க. அந்தக் கண்ணு ஆறு செல்லுல ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்குது, அதனால பச்சை தெரிஞ்சாலும் முழுசா நம்ப வேண்டாம்.

டீசல், பெட்ரோல் வித்தியாசம் கிடையாது. ரெண்டும் 12 வோல்ட்தான். லாரி, பஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அதுங்க பெரும்பாலும் 24 வோல்ட்.

#3 ஓரமாநிறுத்து

மேனுவல் கியர்தானே? நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி, ரெண்டாவது கியர்ல கிளட்சை விட்டா வேலை முடிஞ்சுது. இதுக்கு ஒரு இழையா!

#4 பழையஸ்பேனர்

கார்புரேட்டர் காலத்துல அப்படி எடுக்க முடிஞ்சுது. இப்போ பெட்ரோல் பம்பு ஓடணும், இன்ஜெக்டர் திறக்கணும், கம்ப்யூட்டர் முழிச்சிருக்கணும், எல்லாத்துக்கும் வோல்ட் வேணும். லைட் நல்லா எரிஞ்சு செல்ஃப் மட்டும் சுத்தலன்னா தள்ளி எடுக்கலாம். மீட்டரே மினுக்குற நிலைமையில நாலு பேரோட மூச்சுதான் வாங்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய்ச் சேர்ந்தா அது வேற தனிச் செலவு. இன்ஜின் ஓடாதப்ப ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கும், பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்கு மேல இறுகிடும், ரொம்ப பலமா மிதிக்கணும். சரிவுல தள்ள ஆரம்பிச்சா அது ஞாபகம் இருக்கணும். ஆட்டோமேட்டிக்குக்கு இந்த யோசனையே கிடையாது.

#5 ஓம்விதி

கேள்விக்கு வருவோம். ரெண்டு வண்டியும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது, கேபிள் எட்டுற தூரத்துல நிக்கட்டும். ரெண்டுலயும் ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இக்னிஷன் ஆஃப், லைட், ஏசி, மியூசிக் எல்லாம் ஆஃப். விரல்ல மோதிரம், கையில ஸ்டீல் வாட்ச் இருந்தா கழட்டிடுங்க. பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் மாட்டினா உலோகம் பழுத்துத் தோலோட ஒட்டிக்கும்.

பிளஸ் எதுன்னு நிறத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. யாரோ ஒருத்தர் எப்பவோ வயரை மாத்தியிருக்கலாம். டப்பா மேல பொறிச்சிருக்கிற + குறியைத் துடைச்சுப் பாருங்க. கூம்பு வடிவ டெர்மினல் உள்ள பேட்டரியில பிளஸ் கம்பம் மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கும், அதுவும் ஒரு அடையாளம்.

முதல்ல சிவப்பு, இறங்கின பேட்டரியோட பிளஸ்ல. சிவப்போட மறுமுனை நல்ல பேட்டரியோட பிளஸ்ல. அடுத்து கறுப்பு, நல்ல பேட்டரியோட மைனஸ்ல. கறுப்போட கடைசி முனை, உங்க வண்டி இன்ஜின்ல பெயின்ட் இல்லாத கனமான ஒரு உலோகப் பகுதியில, பேட்டரியை விட்டு எட்ட. பெல்ட், ஃபேன் பக்கத்துல வயர் தொங்கக் கூடாது. பெட்ரோல் போற பைப் பக்கத்துலயும் வேண்டாம்.

ஏன் இந்த வரிசைன்னு கேட்டீங்க. கையில மிஞ்சி நிக்கிற முனை எதைத் தொட்டா என்ன ஆகும்னு ஒவ்வொரு கட்டத்திலயும் யோசிச்சுப் பாருங்க. கறுப்பை முதல்ல ரெண்டு பக்கமும் மாட்டிட்டீங்கன்னா ரெண்டு வண்டியோட பாடியும் ஒரே மைனஸ் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் சிவப்பை நல்ல பேட்டரியில மாட்டிட்டு மறுமுனையைக் கையில தூக்கிட்டு வர்றீங்க. அது எந்த இரும்பு மேல பட்டாலும் நேரடி ஷார்ட். நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், கிளாம்ப் அங்கேயே வெல்டு ஆகும். மேல சொன்ன வரிசையில கடைசியா கையில நிக்கிறது கறுப்பு முனை. அது கொடுக்கிற வண்டி மேல பட்டா ஒண்ணும் ஆகாது, அதே மைனஸ். உங்க வண்டி இரும்புல பட்டாலும் நாம மாட்டப் போற இடமே அதுதான். எந்தச் சிவப்பு முனையிலயும் படாம பார்த்துக்கிட்டா போதும்.

#6 டீசல்பிரியன்

ஐயா, படிக்க நல்லா இருக்கு. ஆனா நான் எத்தனையோ வண்டிக்கு மைனஸ்லயே மாட்டி எடுத்திருக்கேன், ஒரு பேட்டரியும் வெடிக்கல. இன்ஜின்ல மாட்டு, போல்ட்ல மாட்டுன்னு சொல்றாங்க, பாதி போல்ட்ல பெயின்ட்டும் எண்ணெயும்தான் இருக்கு. கான்டாக்டே கிடைக்காம முக்கால் மணி நேரம் போராடினவங்களைப் பார்த்திருக்கேன். மைனஸ்ல மாட்டினா ஒரே அடியில எடுக்குது.

#7 ஓம்விதி

போல்ட் விஷயத்துல நீங்க சொல்றது உண்மை. ஓரத்துல நிக்கிற ஏதோ ஒரு மெல்லிசுத் தகடு, பானெட் கீல், இதெல்லாம் வேலைக்கு ஆகாது. இன்ஜினைத் தூக்குறதுக்குன்னு வச்சிருக்கிற கொக்கி, ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற சாமான்) பிடிக்கிற கனமான பிராக்கெட், பேட்டரி மைனஸ் வயர் பாடியில போய்ச் சேர்ற முனை, இது மாதிரி பாருங்க. நிறைய வண்டிகள்ல இதுக்குன்னே ஒரு எர்த் கம்பம், அதாவது பாடி மைனஸ் முனை, வச்சு மேனுவல்ல படம் போட்டிருக்காங்க. கிளாம்ப்பை மாட்டி ரெண்டு பக்கமும் அழுத்தித் திருகினா பல்லு பெயின்ட்டைக் கீறி உள்ள இறங்கும்.

மைனஸ்ல ஏன் வேண்டாம்னா, லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிய விடும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்திக்கக்கூடிய வாயு அது. சர்க்யூட் முழுமையாகிற கடைசி இணைப்புலதான் பொறி தெறிக்கும். அந்தப் பொறி பேட்டரி மூடி மேல தெறிக்கணுமா, எட்டத் தெறிக்கணுமாங்கிறதுதான் கேள்வி. ஒண்ணும் ஆகாத நாள்தான் அதிகம், ஒத்துக்கிறேன். ஆன நாளில் ஆசிட் போறது, குனிஞ்சு பார்த்துக்கிட்டிருக்கிற முகத்துக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்டார்ட் ஸ்டாப் வசதி (சிக்னல்ல இன்ஜின் தானா நின்னு தானா எடுக்கிறது) உள்ள வண்டிகள்ல மைனஸ் டெர்மினல் மேலயே சின்னதா ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள்ள எவ்வளவு போகுது, வருதுன்னு கணக்கு வைக்கிறது அதோட வேலை. கம்பத்துலயே நேரா கிளாம்ப் போட்டா அந்தக் கரண்ட் கணக்குல வராது. எர்த்ல போட்டா வரும்.

#8 நான்காம்கியர்

தெளிவா புரிஞ்சுது, நன்றி. கொடுக்கிற வண்டி ஓடணுமா வேண்டாமா? அண்ணன் கொஞ்சம் பயப்படறார், அவர் வண்டி கம்ப்யூட்டர் போயிடுமோன்னு.

#9 டீசல்பிரியன்

ஓடணும். ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு வச்சுக்கச் சொல்லுங்க. ஓடாத வண்டியில இருந்து எடுத்தா கடைசியில ரெண்டு வண்டியும் நிக்கும், மூணாவது வண்டி தேடணும்.

#10 ஓம்விதி

இதுல அந்தந்த வண்டி மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. பொதுவா சொல்றேன். ஓடாத வண்டியோட பேட்டரி 12.6 வோல்ட்ல நிக்கும். ஓடினா ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் தூக்கும். இறங்கின பேட்டரிக்குள்ள சார்ஜ் தள்ள அந்த வித்தியாசம் ரொம்ப உதவும். வெறும் ஐடிலிங்ல ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தைக் கொடுக்காது, அதனால கொஞ்சம் ஆர்பிஎம் ஏத்தி ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, அப்புறம் உங்க வண்டியில சாவி போடுங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல உங்க பேட்டரியும் கொஞ்சம் தேறும், செல்ஃப் சுத்துறப்ப அண்ணன் வண்டி மேல விழுற சுமை குறையும். நிறையப் பேர் கேபிளை மாட்டின அடுத்த வினாடியே சாவியைத் திருப்பிட்டு "வேலை செய்யல"ன்னு கழட்டிடறாங்க.

ஒரு தடவைக்கு பத்து வினாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க. எடுக்கலன்னா ஒரு நிமிஷம் மோட்டார் ஆறட்டும்.

அண்ணன் பயம் முழுசா வீணில்ல. ஆனா ஆபத்து ரெண்டு இடத்துல. ஒண்ணு, பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டுறது. மெயின் ஃப்யூஸ் போறது அதிர்ஷ்டம். ஆல்டர்னேட்டர் டயோடு, கன்ட்ரோல் யூனிட்னு போனா துரதிர்ஷ்டம். ரெண்டாவது, இன்ஜின் எடுத்ததும் கேபிளைப் பட்டுன்னு பிடுங்குறது. அப்போ வோல்ட் ஒரு துள்ளு துள்ளும். அதைத் தாங்கிக்க, கழட்டுறதுக்கு முன்னாடி உங்க வண்டியில ஃபேனை முழு வேகத்துல வைங்க, பின்கண்ணாடி ஹீட்டரைப் போடுங்க. ஹெட்லைட் வேண்டாம், பல்பு போகலாம். கழட்டுறது மாட்டினதுக்கு நேர் எதிர் வரிசை. இன்ஜின்ல இருக்கிற கறுப்பு முதல்ல.

#11 மழைத்துளி

நடுவுல ஒரு சந்தேகம். எங்ககிட்ட இருக்கிறது ஹைப்ரிட். இந்த மாதிரி யாராவது கேட்டா நாங்க ஜம்ப் கொடுக்கலாமா? பெரிய பேட்டரியே இருக்கே, தாராளமா கொடுக்கலாம்னு வீட்ல சொல்றாங்க.

#12 ஓம்விதி

வாங்கிக்கலாம், கொடுக்க வேண்டாம். அந்தப் பெரிய பேட்டரிக்கும் ஜம்பர் கேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆரஞ்சு நிற வயர் அந்தப் பெரிய பேட்டரியோட உயர் வோல்ட் வயர், எங்க பார்த்தாலும் கையை எடுத்துடுங்க. ஹைப்ரிட்லயும் மின்வண்டியிலயும் தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். நிறைய ஹைப்ரிட்ல அது கம்ப்யூட்டரை எழுப்பவும் ரிலே போடவும் மட்டும்தான். இன்ஜினைச் சுத்துற வேலை பெரிய பேட்டரியோடது, அதனால 12 வோல்ட் பேட்டரி சின்னதா இருந்தா போதும்னு வச்சிருப்பாங்க. அதுல இருந்து இன்னொரு வண்டியோட செல்ஃபுக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் உறிஞ்சினா பேட்டரியும், அதைச் சார்ஜ் பண்ற டிசி கன்வெர்ட்டரும் திணறும். பல மேனுவல்ல கூடாதுன்னே போட்டிருக்கு.

உங்களுதே இறங்கிட்டா மற்ற வண்டி மாதிரி வாங்கிக்கலாம். பேட்டரி எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கும். பிரியஸ்ல 12 வோல்ட் பேட்டரி பின்னாடி டிக்கி பக்கம் இருந்த மாடல்களுக்கு, பானெட்டுக்குள்ள ஃப்யூஸ் பெட்டியில சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனை வச்சிருக்காங்க. பேட்டரியை டிக்கியிலயோ சீட்டுக்கு அடியிலயோ வைக்கிற வேற பல வண்டிகள்லயும் பானெட்டுக்குள்ள இப்படி ஒரு முனை இருக்கும்.

#13 நான்காம்கியர்

மாட்டிப் பார்த்தாச்சு. சொன்ன வரிசை, அஞ்சு நிமிஷம் காத்திருந்து, எல்லாம் சரி. ஆனா இன்னும் அதே டிக்டிக். கொஞ்சம் மெதுவா டிக்டிக். கேபிளைத் தொட்டா சூடா இருக்கு.

#14 பழையஸ்பேனர்

சூடுன்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. கேபிள் முனையில, கிளாம்ப்போட சேர்ற இடத்துல ரப்பரை ஒதுக்கிப் பாருங்க. வெளியில விரல் கனம் பிளாஸ்டிக், உள்ள பென்சில் முனை கனத்துக்குக் கம்பியா? நிறமும் பாருங்க. கம்பியை வெட்டின இடம் வெள்ளையா இருந்தா அது செம்பு இல்ல, செம்பு பூசின அலுமினியம். கிளாம்ப்புல ரெண்டு தாடை இருக்கும், வயர் ஒரு தாடைக்கு மட்டும் போயிருக்கும். அந்தத் தாடை டெர்மினலைச் சரியா கடிக்கலன்னா கரண்ட் நடுவுல இருக்கிற ஸ்பிரிங் வழியா சுத்தித்தான் வரணும்.

#15 ஓம்விதி

கணக்கு போட்டுக் காட்டறேன். செம்புக் கம்பி, கேபிள் நீளம் 3 மீட்டர்னு வைங்க. போக வர 6 மீட்டர். சின்ன பெட்ரோல் இன்ஜின் செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கலாம். கம்பி 6 சதுர மில்லிமீட்டர்னா கேபிள்லயே 2.6 வோல்ட் போயிடும். 12.6ல அது போனா மீதி 10. அதுலயும் கிளாம்ப் நஷ்டம், பேட்டரி தானா விழுறது எல்லாம் கழிச்சா செல்ஃபுக்கு மிஞ்சுறது டிக்டிக் மட்டும்தான். அதே 25 சதுர மில்லிமீட்டர்னா நஷ்டம் 0.6 வோல்ட். அலுமினியம்னா இதைவிட மோசம்.

பெட்ரோல் வண்டிக்கு 16, டீசலுக்கு 25, இதுக்குக் கீழ வாங்காதீங்க. பெட்டி மேல "1000 ஆம்பியர்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கிறதைப் பார்க்காம சதுர மில்லிமீட்டர் எவ்வளவுன்னு தேடுங்க. போடலன்னா ஏன் போடலன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம்.

இப்போதைக்கு அதே கேபிள்தான்னா, கிளாம்ப்பைத் திருகித் திருகிக் கடிக்க வைங்க, இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷம் சார்ஜ் ஏற விடுங்க. உங்க பேட்டரியே கொஞ்சம் சுமக்க ஆரம்பிச்சா கேபிள் மேல சுமை குறையும். கேபிள் கை வைக்க முடியாத சூடுக்குப் போனா நிறுத்திடுங்க.

#16 நான்காம்கியர்

எடுத்துடுச்சு!! அண்ணன் வேற ஒரு கேபிள் கடன் வாங்கிட்டு வந்தார், தூக்கவே கனமா இருந்துச்சு. ஒரே திருப்பு. ஃபேன் போட்டு, கறுப்பு முதல்ல கழட்டி, எல்லாம் சொன்ன மாதிரியே. இப்போ ஐடிலிங்ல ஓடிக்கிட்டிருக்கு. எவ்வளவு நேரம் விடணும்?

#17 பழையஸ்பேனர்

ஐடிலிங்ல விடாதீங்க, ஓட்டுங்க. நிறுத்தி நிறுத்திப் போற வழி வேண்டாம், ஒரே சீரா ஓடுற ரோட்ல ஒரு மணி நேரமாவது. ஏசி, லைட் முடிஞ்ச அளவு குறைச்சுக்குங்க. வழியில எங்கயும் ஆஃப் பண்ணாதீங்க.

முழுசா இறங்கின பேட்டரியை ஆல்டர்னேட்டர் நிரப்பிடும்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. அது செலவானதை ஈடுகட்டுறதுக்கு இருக்கிற சாமான். முதல் முக்கால் பங்கு வேகமா ஏறும், மீதி கால் பங்கு ஊர்ந்துதான் ஏறும், அதுக்குப் பல மணி நேரம் வேணும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சார்ஜர் போட்டு விடிய விடிய விடுங்க. 45 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரிக்கு 4, 5 ஆம்பியர் போதும். வேகமா ஏத்தறேன்னு 20 ஆம்பியர் போடாதீங்க. ஏஜிஎம் பேட்டரின்னா (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்புல ஊற வச்ச வகை) சார்ஜர்லயும் அந்த மோடு இருக்கணும். அரைகுறைச் சார்ஜ்ல அப்படியே நின்னா பிளேட் மேல சல்பேட் படிஞ்சு இறுகி, பேட்டரியோட கொள்ளளவே குறைஞ்சுடும்.

#18 நான்காம்கியர்

மறுபடி வந்துட்டேன். சார்ஜர் போட்டு முழுசா ஏத்தினேன், ரெண்டு மூணு நாள் நல்லா ஓடுச்சு. வாரக் கடைசியில எடுக்காம விட்டேன், திரும்பவும் அதே டிக்டிக். பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. இவ்வளவு சீக்கிரம் போகுமா? புதுசு மாத்திடலாமா?

#19 டீசல்பிரியன்

ஆல்டர்னேட்டர் போயிருக்கும். மாத்துங்க.

#20 ஓம்விதி

எதையும் மாத்த வேண்டாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் எடுங்க, மூணு அளவு போதும்.

சார்ஜ் ஏத்தி, சில மணி நேரம் சும்மா விட்டு, பேட்டரி கம்பத்துலயே அளங்க. 12.6க்கு மேல இருந்தா நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 காலி. முழுசா சார்ஜ் ஏத்தின பிறகும் 10.5 பக்கமே நின்னா ஆறுல ஒரு செல் செத்துடுச்சு, அந்தப் பேட்டரி அவ்வளவுதான். ரெண்டாவது, செல்ஃப் அடிக்கிற நேரத்துல ஒருத்தரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்க. 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி தளர்ந்துடுச்சுன்னு சந்தேகப்படலாம். மூணாவது, இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். 12 சொச்சத்துல நின்னு மெல்ல மெல்ல இறங்கினா மட்டும்தான் டீசல்பிரியன் சொல்றது சரி. சில புது வண்டிகள் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரை இடையிடையே குறைக்கும், அதனால ஹெட்லைட் போட்டு அளங்க.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி "நிக்குதா பார்க்கலாம்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு அனுப்பிடுங்க. பழைய டைனமோ காலத்து வித்தை அது, இப்போ பண்ணினா எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பலி.

#21 நான்காம்கியர்

அளந்தேன். நிறைவுல 12.65. செல்ஃப் அடிக்கும்போது 10.4. ஓடும்போது 14.2. எல்லாம் சரிதானே? ஆனா ரெண்டு நாள் தொடாம விட்டுப் பார்த்தா 12.2.

#22 பழையஸ்பேனர்

பேட்டரி நல்லது, ஆல்டர்னேட்டர் நல்லது. எதுவோ ராத்திரி பகலா குடிக்குது.

மீட்டர்ல சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாத்துங்க. மைனஸ் டெர்மினலைக் கழட்டி, கம்பத்துக்கும் கழட்டின வயருக்கும் நடுவுல மீட்டரை வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடியே பானெட்டையும், ஃப்யூஸ் பெட்டி இருக்கிற பக்கக் கதவையும் திறந்தே வச்சு, கதவுப் பூட்டை ஸ்குரூ டிரைவரால அழுத்தி மூடின மாதிரி ஏமாத்திடுங்க. சாவி வண்டியை விட்டு எட்ட இருக்கட்டும். மீட்டர் வச்சிருக்கும்போது கதவைத் திறக்கிறதோ செல்ஃப் அடிக்கிறதோ வேண்டாம், மீட்டர் ஃப்யூஸ் போயிடும். அரை மணி நேரம் காத்திருங்க, ஏன்னா கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணா தூங்கப் போகும். தூங்கின பிறகு 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா பழுதில்ல.

அதுக்கு மேல இருந்தா ஃப்யூஸை ஒவ்வொண்ணா உருவி, எதை உருவினா எண் சரியுதுன்னு பாருங்க. வெளியில மாட்டின சாமான்லதான் முதல் சந்தேகம்: டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர், அலாரம்.

#23 நான்காம்கியர்

0.44 வந்துச்சு. டேஷ்கேம் வயரைப் பிடுங்கினேன், ஒரு மாத்தமும் இல்ல. உள் விளக்கு ஃப்யூஸை உருவினதும் 0.03க்கு இறங்கிடுச்சு. கூரை விளக்கு அணைஞ்சுதான் இருக்கு, டாஷ்போர்டு பெட்டியில விளக்கே கிடையாது. மிச்சம் டிக்கி விளக்கு. மூடினா உள்ள எரியுதா அணையுதான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு யோசிச்சு, போன்ல வீடியோ ஓடவிட்டு உள்ள வச்சு டிக்கியை மூடிட்டேன். எடுத்துப் பார்த்தா ஸ்டெப்னி, ஜாக்கி, நான் தொலைச்சுட்டேன்னு நினைச்ச குடை எல்லாம் பளிச்னு தெரியுது. விளக்கு அணையவே இல்ல! பூட்டு ஓரத்துல ஸ்விட்சை அழுத்துற சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சு போயிருக்கு.

#24 ஓம்விதி

அருமை. கணக்கும் பொருந்துது. 5 வாட் பல்பு, 12 வோல்ட், 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஏஎச். உங்க பேட்டரி 45 ஏஎச்னு வச்சுக்கிட்டா ரெண்டு நாள்ல பாதி போகும், நாலரை நாள்ல காலி. நீங்க அளந்த 12.2 அதேதான். அந்த மினுக்கு பல்புக்கே இந்த நிலைமைன்னா, ரெண்டு 55 வாட் ஹெட்லைட்டை மறந்து விட்டா அஞ்சு மணி நேரம்கூடத் தாங்காது. புது வண்டிகள்ல உள் விளக்கைக் கொஞ்ச நேரத்துல தானா துண்டிக்கிற வசதி இருக்கு. உங்களுதுல இல்ல போல.

#25 ஓரமாநிறுத்து

இவ்வளவு பாடுபடறதுக்குப் பதிலா பவர் பேங்க் மாதிரி லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா பக்கத்து வீட்டு அண்ணனே வேண்டாமே?

#26 டீசல்பிரியன்

அதை நான் வச்சிருக்கேன், நல்ல சாமான், தனியா போறவங்களுக்குக் கட்டாயம் வேணும். பெட்டி மேல போட்டிருக்கிற பீக் ஆம்பியரை நம்பாதீங்க, அது கண் சிமிட்டுற நேரத்துக்கு வர்ற எண். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள போட்டு வச்சா லித்தியம் சீக்கிரம் கெடும். சில மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து சார்ஜ் ஏத்தணும், இல்லன்னா வேணுங்கிற நேரத்துல அதுவும் காலியா இருக்கும். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தா அது பேட்டரியே இல்லன்னு நினைச்சு கரண்ட் விடாது. அதுக்குன்னு பூஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தினா பிளஸ் மைனஸ் மாறினா காப்பாத்துற பாதுகாப்பும் சேர்ந்து போகக்கூடும், ரெண்டு தடவை பார்த்துட்டு அழுத்துங்க. வண்டி எடுத்ததும் உடனே கழட்டிடணும்.

மைனஸ் விவாதத்துல நான் இன்னும் முழுசா மாறல. ஸ்டார்ட் ஸ்டாப் வண்டிக்கு மட்டும் எர்த்ல போடறேன்.

#27 ஓம்விதி

எல்லா வண்டிக்கும் போடுங்க சார். முகம் எல்லா வண்டி முன்னாடியும் அதேதான்.

#28 மழைத்துளி

எனக்கு ஒண்ணு மட்டும். பேட்டரி முழுசா செத்துட்டா ரிமோட்ல கதவே திறக்காதே? பானெட் திறக்கிற லீவர் உள்ள இருக்கு. அப்போ உள்ள எப்படிப் போறது?

#29 பழையஸ்பேனர்

ரிமோட்டுக்குள்ளயே ஒரு சாவி ஒளிஞ்சிருக்கும்மா, ஓரத்துல சின்ன பித்தான் இருக்கும், நகர்த்தினா உருவி வரும். டிரைவர் கதவு கைப்பிடியில சாவித் துளை தெரியலன்னா ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில இருக்கும், சாவி முனையாலயே நெம்பலாம். பேட்டரி நல்லா இருக்கும்போதே ஒரு தடவை திறந்து பழகிடுங்க. பல வருஷமா தொடாத பூட்டு துருப்பிடிச்சு இறுகியிருக்கும், கொஞ்சம் கிராஃபைட் பொடி போட்டா இளகும்.

நான்காம்கியர் தம்பி, புது ஸ்விட்ச் வர்ற வரைக்கும் டிக்கி பல்பைக் கழட்டி வைங்க. உங்க பேட்டரியில மூடி திறக்கிற மாதிரி இருந்தா தண்ணி அளவையும் பாருங்க. பிளேட் வெளியில தெரிஞ்சா டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மார்க் வரைக்கும். குழாய்த் தண்ணி கூடாது, ஆசிட் ஊத்தவே கூடாது. டெர்மினல்ல பூத்த பொடிக்கு, மைனஸ் முதல்ல பிளஸ் அடுத்துன்னு கழட்டி, வெந்நீர்ல சோடா மாவு கரைச்சு பழைய பிரஷ்ஷால தேய்ங்க. கரைசல் மூடிக்குள்ள இறங்காம பார்த்துக்குங்க. காய விட்டுட்டு பிளஸ்ஸை முதல்ல மாட்டி இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவிடுங்க.

#30 நான்காம்கியர்

பல்பைக் கழட்டியாச்சு, மறுபடி அளந்தேன், 0.03. பேட்டரி மூடி திறக்காத வகை, அதனால தண்ணி பார்க்க முடியல. வயர் கழட்டினதுல டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே அமுக்குல ஏறாம பாதியில நிக்குது, அது கோளாறா?

#31 பழையஸ்பேனர்

கோளாறு இல்ல. கண்ணாடியை முழுசா இறக்கி, முழுசா ஏத்தி, மேல போய் முட்டின பிறகும் பட்டனை விடாம சில வினாடி பிடிச்சிருங்க. நிறைய வண்டியில அதுலயே சரியாகும். ஆகலன்னா மேனுவல்ல பவர் விண்டோ பக்கத்துல உங்க மாடலுக்கான முறை இருக்கும்.